உதவி: ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளின் அட்டவணையில் 'கார்', 'பிசானம்' தலைப்புகள் பக்கத்து நெடுவரிசைக்கு ஓடிவிடுகின்றன

அம்பை_மாணவி (இரவு 9.48)
வணக்கம். அவசரம். நாளைக் காலை பத்து மணிக்கு வழிகாட்டியிடம் படத்தைக் காட்ட வேண்டும். மேலே பாபநாசம் அணையின் நீர்மட்டக் கோடு, கீழே அட்டவணை, இரண்டும் ஒரே படமாக வர வேண்டும். கார், பிசானம் இரண்டும் எங்கள் பக்கத்து நெல் பருவங்கள். அட்டவணையில் 'கார்' என்ற தலைப்பு இரண்டு நெடுவரிசைகளுக்கு மேலும், 'பிசானம்' அடுத்த இரண்டுக்கு மேலும் பரவி நிற்க வேண்டும். நிற்க மாட்டேன் என்கின்றன. நிரல் நகர்ந்துவிடுகிறது. இரண்டு நாளாக இதே வேலைதான். யாராவது சொல்லுங்கள்.

பேட்டைவாசி (9.55)
நிரல் என்றால் எது? நீங்கள் எழுதிய புரோகிராமா, அட்டவணையின் நெடுவரிசையா? புரோகிராம் நகராது என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். ஆரில் எந்த பேக்கேஜ், அதாவது எந்தக் கூடுதல் கட்டளைத் தொகுப்பு? மொத்தம் எத்தனை நெடுவரிசை? எந்தப் பக்கம் நகர்கிறது?

பாளை_கணக்கன் (10.02)
கேள்வி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தரவின் மாதிரி, ஓட்டிய கட்டளை, எதிர்பார்த்தது, கிடைத்தது. இந்த நான்கும் இல்லாமல் 'நிற்க மாட்டேன் என்கின்றன' என்றால் நாங்கள் என்ன, குறி சொல்கிறவர்களா? இங்கே பல முறை எழுதியிருக்கிறேன், யாரும் படிப்பதில்லை.

இரண்டாவது, அட்டவணையைப் படமாக வரைவதே தவறு. அட்டவணை என்பது எழுத்து. ஃபிளெக்ஸ்டேபிள் பேக்கேஜில் 'ஆட்_ஹெடர்_ரோ' என்று ஒரே ஒரு கட்டளை. தலைப்புகளையும் ஒவ்வொன்றும் எத்தனை நெடுவரிசைக்குப் பரவ வேண்டும் என்பதையும் கொடுத்தால் முடிந்தது. என் மாணவர்கள் முதல் வாரத்திலேயே செய்துவிடுவார்கள்.

அம்பை_மாணவி (10.09)
மன்னிக்கவும் சார். கணினி விடுதி அறையில் இருக்கிறது, நான் கைப்பேசியிலிருந்து எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழிலேயே எழுதுகிறேன், ஒலித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரிட்எக்ஸ்ட்ரா பேக்கேஜின் 'டேபிள்குரோப்' கொண்டு அட்டவணை செய்தேன். 'ஜிடேபிள்_ஆட்_ரோஸ்' கொண்டு ஒரு வரிசை சேர்த்தேன். முதலில் அது அட்டவணையின் அடியில் போய் விழுந்தது, அதைச் சரிசெய்துவிட்டேன். பிறகு 'ஜிடேபிள்_ஆட்_குரோப்' கொண்டு 'கார்' தலைப்பை 2 முதல் 3 வரை, 'பிசானம்' தலைப்பை 4 முதல் 5 வரை வைத்தேன். இரண்டும் ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளி நிற்கின்றன.

நெடுவரிசை ஐந்து: அணைக்கட்டு, கார் பரப்பு, கார் விளைச்சல், பிசானம் பரப்பு, பிசானம் விளைச்சல். வரிசை எட்டு, தாமிரபரணியின் அணைக்கட்டு ஒவ்வொன்றுக்கும் ஒன்று, கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை. படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறேன்.

கல்லிடை_அப்பளம் (10.15)
தங்கச்சி, அடியில் விழுந்ததற்குக் காரணம் 'பாஸ்' என்ற இடக்குறிப்பு. அதைச் சொல்லாவிட்டால் அதன் இயல்பு மதிப்பு கழித்தல் ஒன்று, அதாவது கடைசி. உச்சியில் வேண்டுமென்றால் சுழியம். அதைச் செய்துவிட்டாய் போலிருக்கிறது.

நகர்வதற்குக் காரணம் பழைய பதிப்பாகத்தான் இருக்கும். கிரிட்எக்ஸ்ட்ரா 2015-இல் 2.0 ஆனபோது டேபிள்குரோப்பை அடியோடு மாற்றி எழுதினார்கள், அப்போதுதான் அது ஜிடேபிள் என்ற இன்னொரு பேக்கேஜின் மேல் உட்கார்ந்தது. அதற்கு முந்தைய விளக்கங்கள் இன்னும் வலையில் உலவுகின்றன. அவற்றைப் பார்த்து எழுதினால் இப்படித்தான் ஆகும். முதலில் எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டு வா.

சந்திப்பு_நிலையம் (10.18)
எக்செல்லில் இரண்டு கட்டங்களை இணைத்து, படமெடுத்து, கீழே ஒட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. வழிகாட்டி என்ன பூதக்கண்ணாடியா வைத்துப் பார்க்கப்போகிறார்?

பாளை_கணக்கன் (10.21)
இப்படிச் சொல்கிறவர்களால்தான் ஆய்வேடுகள் இந்த நிலையில் இருக்கின்றன. நாளைக்கு ஓர் எண் மாறினால் மறுபடி படமெடுப்பாரா?

கும்பகோணத்தான் (10.24)
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கார், பிசானம் என்று போட்டால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. குறுவை, சம்பா என்று போடுங்களேன். எல்லோருக்கும் தெரிந்த சொல்.

ஏரல்_வாழைக்காரன் (10.27)
நல்லா இருக்கிறது நியாயம். தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த நெல்லுக்குக் காவிரிப் பெயரா? ஜூனில் அணையைத் திறந்தால் கார், ஐப்பசி மழையை நம்பி நட்டால் பிசானம். என் பாட்டனும் அப்படித்தான் சொன்னார், அரசாணையும் அப்படித்தான் சொல்கிறது.

கும்பகோணத்தான் (10.30)
அண்ணாச்சி, கோபம் வேண்டாம். குறுவையும் ஜூனில்தானே தொடங்குகிறது. பயிர் ஒன்று, பெயர் இரண்டு என்றுதான் சொன்னேன்.

ஏரல்_வாழைக்காரன் (10.34)
பயிரும் ஒன்றில்லை. உங்களுக்கு மேட்டூர், எங்களுக்குப் பாபநாசமும் மணிமுத்தாறும். அதிலும் கடைமடைக்காரனுக்குக் கார் என்பது பல வருடம் பெயரளவுதான். மேலே கன்னடியன் கால்வாய்க்காரன் நாற்று நடும்போது நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். தண்ணீர் மிச்சமிருந்தால் ஏப்ரலில் முன்கார் என்று கொஞ்சம் விடுவார்கள். தாயி, உன் அட்டவணையில் முன்கார் எங்கே? அதற்கும் தனித் தலைப்பு வேண்டுமே.

பேட்டைவாசி (10.37)
அந்தப் பெண் இரண்டு தலைப்புக்கே தவிக்கிறது, நீங்கள் மூன்றாவதைக் கொண்டுவருகிறீர்கள்.

மணிமுத்தாறு118 (10.41)
அம்பை_மாணவி, ஒரே ஒரு கேள்வி. படத்தின் இடது ஓரத்தை ஏன் வெட்டினீர்கள்? அங்கே என்ன இருந்தது?

அம்பை_மாணவி (10.44)
ஒன்றுமில்லை அண்ணா, 1, 2, 3 என்று எட்டு வரை வரிசை எண் மட்டும். பார்க்க அசிங்கமாக இருந்ததால் வெட்டிவிட்டேன். ஆய்வேட்டிலும் வெட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மணிமுத்தாறு118 (10.52)
அதுதான் திருடன்.

உங்கள் கண்ணுக்கு நெடுவரிசை ஐந்து. ஆர் கணக்கில் ஆறு. நீங்கள் அசிங்கம் என்று வெட்டிய வரிசை எண்தான் அதன் முதல் நெடுவரிசை. அணைக்கட்டுப் பெயர் இரண்டாவது, கார் பரப்பு மூன்றாவது. '2 முதல் 3 வரை' என்று நீங்கள் சொன்னதும் அது சொன்ன பேச்சுக் கேட்டு அணைக்கட்டுப் பெயர் மேலும் கார் பரப்பு மேலும் 'கார்' என்று எழுதிவிட்டது. 'பிசானம்' கார் விளைச்சல் மேல் ஏறிக்கொண்டது. பதிப்பு பழையதும் இல்லை, ஒன்றும் இல்லை. பழைய பதிப்பாக இருந்தால் வரிசை சேர்க்கும் கட்டளையே பிழை காட்டியிருக்கும்.

வழி: டேபிள்குரோப் அழைக்கும்போதே 'ரோஸ் = நல்' என்று கொடுங்கள். (நல்ல நல் இல்லை, வெறுமை நல், ஆங்கிலத்தில் எல் இரண்டு, எல்லாம் பெரிய எழுத்து.) வரிசை எண் போய்விடும், உங்கள் 2–3, 4–5 அப்படியே பொருந்தும். எண் வேண்டும் என்றால் 3–4, 5–6 என்று மாற்றுங்கள்.

இனிமேல் சந்தேகம் வந்தால் அட்டவணைப் பொருளின் பெயரை மட்டும் தட்டி எண்டர் அழுத்துங்கள். முதல் வரியிலேயே அளவைச் சொல்லும். உங்களுக்கு எட்டு வரிசை, நெடுவரிசைத் தலைப்பு ஒன்று, நீங்கள் சேர்த்தது ஒன்று, ஆக 10. இப்போது '10 x 6' என்று காட்டும். 'நல்' கொடுத்த பிறகு '10 x 5' என்று காட்ட வேண்டும். 'ஜிடேபிள்_ஷோ_லேஅவுட்' என்று இன்னொன்று உண்டு, கட்டங்களை மட்டும் கோடு போட்டுக் காட்டும். வயலில் வரப்பு பார்ப்பது போலப் பார்க்கலாம்.

இன்னொன்று. தலைப்பில் எழுத்தை மட்டும் வைக்காதீர்கள். ஒரு செவ்வகத்தையும் எழுத்தையும் 'குரோப்ட்ரீ' கொண்டு ஒன்றாகக் கட்டி, பிறகு வையுங்கள். இல்லாவிட்டால் 'கார்' என்பது பின்னணி இல்லாமல் வெறும் வெளியில் மிதக்கும்.

கல்லிடை_அப்பளம் (10.55)
சரி, பதிப்பு என்று சொன்னது என் தவறு. ஆனாலும் புதுப்பித்து வைப்பது நல்லதுதான்.

பாளை_கணக்கன் (10.58)
இவ்வளவு சுற்றுவதற்கு நான் முதலிலேயே சொன்ன ஃபிளெக்ஸ்டேபிளே போதும். அதில் வரிசை எண் தொல்லையே வராது.

மணிமுத்தாறு118 (11.03)
சார், நல்ல பேக்கேஜ்தான், மறுக்கவில்லை. அதிலும் பரவும் அளவுகளின் கூட்டுத்தொகை மொத்த நெடுவரிசை எண்ணிக்கைக்குச் சரியாக இருக்க வேண்டும். இவருக்கு 1, 2, 2. முதல் கட்டத்துக்கு வெறுந்தலைப்பு கொடுக்க மறந்தால் அங்கேயும் பிழைதான். அதை நீர்மட்டக் கோட்டின் கீழே வைக்க 'ஜென்_குரோப்' கொண்டு மாற்றவும் வேண்டும். காலை பத்து மணிக்குள் புதுப் பேக்கேஜ் எதற்கு?

அம்பை_மாணவி (11.20)
அறைக்கு வந்துவிட்டேன். தலைப்பு நின்றுவிட்டது!! மிக்க நன்றி அண்ணா. இன்னும் இரண்டு தொல்லை. ஒன்று, கீழ்த்தலைப்பில் 'பரப்பு', 'பரப்பு.1' என்று வருகிறது. இரண்டு, படமாகச் சேமித்தால் கோடைமேலழகியானில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகிறது. திரையில் ஒரு மாதிரி, கோப்பில் ஒரு மாதிரி.

பேட்டைவாசி (11.24)
எழுத்துக்கு ஷோடெக்ஸ்ட் பேக்கேஜ் போடுங்கள், எல்லா எழுத்துருவும் வேலை செய்யும்.

மணிமுத்தாறு118 (11.29)
தமிழுக்கு வேண்டாம். ஷோடெக்ஸ்ட் எழுத்துருவைக் கொண்டுவரும், ஆனால் எழுத்துகளைச் சேர்த்துக் கட்டாது. கொம்பு சிதறுவது அதனால்தான் வரும். ராக் பேக்கேஜை நிறுவி, 'ஏஜிஜி_பிஎன்ஜி' கொண்டு சேமியுங்கள். விண்டோஸ் என்றால் நிர்மலா எழுத்துருவைக் குறிப்பிடுங்கள். ஆர்ஸ்டுடியோவின் பொது அமைப்பில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் ஏஜிஜி என்று மாற்றிவிட்டால் திரையிலும் அதே மாதிரி தெரியும்.

'பரப்பு.1' என்பது தரவுச்சட்டத்தின், அதாவது ஆர் உங்கள் தரவை வைத்திருக்கும் டேட்டா ஃபிரேமின் வேலை. ஒரே பெயர் இரண்டு நெடுவரிசைக்கு இருந்தால் தானே மாற்றிவிடும். தரவில் வெவ்வேறு பெயராகவே இருக்கட்டும். டேபிள்குரோப்பில் 'கோல்ஸ்' என்ற இடத்தில் ஐந்து பெயரையும் நீங்களே கொடுங்கள், அங்கே 'பரப்பு' இரண்டு முறை வந்தாலும் அது கண்டுகொள்ளாது.

ஏரல்_வாழைக்காரன் (11.36)
தாயி, எந்த ஆண்டு அட்டவணை இது? 2023–24 என்றால் ஸ்ரீவைகுண்டம் வரிசையில் பிசானம் விளைச்சலுக்கு என்ன போட்டிருக்கிறாய்?

அம்பை_மாணவி (11.39)
2023–24 தான் அண்ணாச்சி. அங்கே சில இடங்களில் தரவு இல்லை. ஆர் 'என்ஏ' என்று காட்டுகிறது. 0 என்று மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன், பார்க்க ஒழுங்காக இருக்கும்.

ஏரல்_வாழைக்காரன் (11.47)
மாற்றாதே. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆறு எங்கள் வீதிக்குள் வந்தது. நட்ட பயிர் மணலுக்கு அடியில் கிடந்தது. 0 என்று போட்டால் நட்டும் விளையவில்லை என்றாகும், சோம்பேறி விவசாயி என்று படிப்பான். தரவு இல்லை என்றால் இல்லை என்றே காட்டு, ஒரு கோடு போடு, கீழே வெள்ளம் என்று எழுது. உன் வழிகாட்டி கேட்டால் ஏரலுக்கு வரச்சொல்.

கும்பகோணத்தான் (11.50)
இதில் அண்ணாச்சி பக்கம் நான். 0 வேறு, இல்லாதது வேறு.

பாளை_கணக்கன் (11.53)
என்ஏ என்பதைக் கோடாக மாற்ற, அட்டவணை செய்வதற்கு முன் நெடுவரிசையை எழுத்துவகைக்கு மாற்றிவிட்டு, இல்லாத இடங்களில் மட்டும் கோட்டை நிரப்ப வேண்டும். மூலத் தரவைத் தொடாதீர்கள், நகல் எடுத்துச் செய்யுங்கள். இதையாவது கேளுங்கள்.

அம்பை_மாணவி (மறுநாள், பகல் 1.15)
காட்டிவிட்டேன். தலைப்பு, எழுத்து எல்லாம் சரி. ராக் வேலை செய்தது. கோடும் போட்டேன். எல்லோருக்கும் நன்றி, வகுப்புக்கு ஓடுகிறேன்.

ஏரல்_வாழைக்காரன் (1.22)
கோடு சரி. அடிக்குறிப்பு போட்டாயா?

சந்திப்பு_நிலையம் (மாலை 6.40)
எனக்கும் இதே மாதிரி ஓர் அட்டவணை வேண்டியிருக்கிறது. முழுக் கட்டளையையும் போட முடியுமா?

ஏரல்_வாழைக்காரன் (7.05)
தாயி?