பழைய பிக்கப் வண்டி: சிலிண்டர் ஹெட்டுக்குள் முறிந்த எக்ஸாஸ்ட் ஸ்டட்டுகளை எடுப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். என் பழைய பிக்கப் வண்டியில் இருப்பது நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஹெட், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு இரண்டுமே வார்ப்பிரும்பு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் வருவதும், சூடேறியபின் அது அடங்குவதுமாக இருந்ததால் மேனிபோல்டைக் கழற்றினேன். அதை ஹெட்டுடன் பிணைக்கும் மரையிட்ட தண்டுகளான ஸ்டட்டுகளில், கேபினை ஒட்டிய கடைசி இரண்டும் முன்பே முறிந்திருக்கின்றன. ஒன்று 5 மி.மீ. அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று ஹெட்டின் முகப்புக்குச் சற்று உள்ளே முறிந்திருக்கிறது. இரண்டும் எம்8, அதாவது 8 மி.மீ. விட்டமுள்ள மரை. ஹெட்டை இறக்காமல் நானே இவற்றை எடுக்க விரும்புகிறேன். முறிந்த ஸ்டட்டில் துளையிட்டு, அதற்குள் செருகித் திருகி எடுக்கும் ஈஸி அவுட் கருவி போதுமா?

முதல் பதில்

ஈஸி அவுட்டை இதில் பயன்படுத்த வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். துருவும் வெப்பமும் சேர்ந்து இறுகிய ஸ்டட்டைத் திருக வேண்டிய விசையை, அதன் நடுவே இட்ட சிறு துளைக்குள் நுழையும் மெல்லிய கருவி தாங்குவது அரிது. அது கடினமாக்கப்பட்ட எஃகு என்பதால் வளையாமல் உடையும். உள்ளே உடைந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்குமே தவிர, வெட்டாது.

நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியாக இரண்டையும் சேர்த்து மிக் வெல்டிங் (கம்பி தானாக ஊட்டப்படும் மின் வெல்டிங்) செய்யுங்கள். நட்டு பிடிமானத்துக்காக மட்டும் அல்ல. வெல்டிங்கின் சூடு ஸ்டட்டுக்குள் இறங்கித் துருவின் பிடியைத் தளர்த்துவதுதான் இம்முறையின் உண்மையான பலன். செந்நிறம் மறைந்தபின், முதலில் இறுக்கும் பக்கம் இலேசாக அசைத்து, பிறகு தளர்த்தும் பக்கம் திருப்பி, முன்னும் பின்னுமாகப் பொறுமையாக நகர்த்துங்கள். நட்டு பிய்ந்து வந்தால் இன்னொன்றை வெல்டிங் செய்யலாம். ஒவ்வொரு முறை சூடேறும்போதும் வாய்ப்பு கூடுகிறது.

தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் குழாய்களை விலக்கி மூடி வையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் அந்த இடத்தைத் துடைக்கவே கூடாது, ஏனெனில் வெல்டிங்கின் வெப்பத்தில் அதிலிருந்து பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகலாம்.

இரண்டாம் பதில்

மேலே சொன்ன முறையே முதல் தேர்வாக இருக்கட்டும். உள்ளே முறிந்ததற்கும் வாஷர் வைத்து வெல்டிங் செய்து பார்க்கலாம். அது பலிக்காவிட்டால் துளையிட வேண்டியதுதான், அங்கே எல்லாமே மையத்தைப் பொறுத்தது. முறிந்த முகம் மேடு பள்ளமாக இருப்பதால் கையில் பிடிக்கும் டிரில் மிருதுவான வார்ப்பிரும்பின் பக்கம் நழுவிவிடும். மேனிபோல்டையே மற்ற ஸ்டட்டுகளில் மாட்டி, அதன் துளைக்குள் நெருக்கமாகப் பொருந்தும் எஃகுக் குழல் ஒன்றைச் செருகினால் பிட் நடுவிலேயே இறங்கும்.

எதிர்ப்பக்கம் சுழன்று வெட்டும் இடப்புரி டிரில் பிட்டைப் பயன்படுத்தி, டிரில்லைப் பின்னோக்கிச் சுழலவிடுங்கள்; துளையிடும்போதே ஸ்டட் கழன்று வந்துவிடுவதும் உண்டு. 3 மி.மீ.யில் தொடங்கி, மெதுவான வேகத்தில், எண்ணெய் விட்டபடி படிப்படியாகப் பெரிதாக்குங்கள். எம்8க்கு வழக்கமான 1.25 மி.மீ. மரையாக இருந்தால் 6.8 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஹெட்டின் மரைக்குள் எஞ்சியிருக்கும் மெல்லிய உலோகச் சுருளைக் கொத்தி எடுத்து, மரை வெட்டும் கருவியான டேப்பால் மரையைச் சுத்தம் செய்யலாம். துளை விலகிப்போனால் ஹெலிகாயில் எனும் கம்பிச்சுருள் மரையைப் போடுவதே வழி.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வெல்டிங்கில் தொடங்குகிறேன். புதிய ஸ்டட்டுகளும் மீண்டும் முறியாமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

மூன்றாம் பதில்

பெரும்பாலும் ஓரத்து ஸ்டட்டுகளே முறிவதற்குக் காரணம், நீளமான மேனிபோல்டு சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது அதன் இரு முனைகளே அதிகம் நகர்கின்றன என்பதுதான். எனவே நேர்விளிம்பும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான பீலர் கேஜும் வைத்து மேனிபோல்டின் முகப்பைச் சரிபாருங்கள். வளைந்திருந்தால் சமப்படுத்தாமல் மாட்டக் கூடாது; வளைந்ததை இழுத்து இறுக்கினால் அந்தச் சுமை முழுவதும் புதிய ஸ்டட்டுகளின் மேல் விழும்.

சில எஞ்சின்களில் இந்தத் துளைகள் குளிர்நீர்ப் பாதைக்குள் திறந்திருக்கும். ஆகவே ஸ்டட்டை எடுக்கும் முன் ரேடியேட்டர் நீரை வடித்துவிடுங்கள். அப்படிப்பட்ட துளையாக இருந்தால் புதிய ஸ்டட்டின் மரையில் சீலன்ட் பூச வேண்டும். கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு, நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்குப் படிப்படியாக இறுக்குங்கள். அந்த அளவு உலர்ந்த மரைக்கு உரியதாக இருந்தால், நட்டுகளில் மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசையான ஆன்டி சீஸ் தடவும்போது அதைக் குறைக்க வேண்டும். வழுக்கும் மரையில் அதே டார்க் ஸ்டட்டை அதிகமாக இழுத்துவிடும்.

கசிவு கேபினுக்கு அருகில் இருப்பதால் ஒன்றை வலியுறுத்துகிறேன்: கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. மாட்டி முடித்ததும் குளிர்ந்த எஞ்சினைத் திறந்த வெளியில் இயக்கி, மேனிபோல்டின் ஓரம் முழுவதும் கசிவு இல்லை என்று உறுதிசெய்த பிறகே வண்டியை ஓட்டுங்கள்.