மறு: ஸ்க்ரப் ரேடியஸ் – உரசாரையா, ஊன்றுவிலகலா?

அன்பின் நண்பர்களுக்கு,

காரின் சில்லு திரும்பும் அச்சுக்கும் டயர் பதியும் இடத்துக்கும் நிலமட்டத்தில் உள்ள தூரத்தை ஆங்கிலத்தில் ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நண்பர் ஒருவர் எழுதியது:

> ஸ்க்ரப் என்றால் உரசல். ரேடியஸ் நம் பாடநூலில் ஆரை. உரசாரை என்றே வைத்துவிடலாம்.

ஆரையில் எனக்குப் பிரச்சினை இல்லை. தமிழகத்து நண்பர்கள் ஆரம் என்பார்கள், அது பழைய சண்டை. என் பிரச்சினை உரசல்தான். போன கிழமை திருகோணமலையில் ஒரு கராச்சில் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். பாஸ் (மெக்கானிக்) நிமிராமலே, "எங்க உரசுது, மட்கார்ட்டிலயோ?" என்றார். அகல டயர் போட்டவர்கள் அன்றாடம் கொண்டுவரும் முறைப்பாடு அது. சொல்லுக்கு அங்கே ஏற்கெனவே வேலை இருக்கிறது.

அப்போது அங்கே கிண்ணியாவிலிருந்து வந்த சின்னக் கார் ஒன்று நின்றது. 45 ஆஃப்செட் (ரிம்மின் நடுவிலிருந்து அது பொருத்தப்படும் முகம் எத்தனை மில்லிமீற்றர் வெளிப்பக்கம் என்ற எண்; குறைந்தால் சில்லு வெளியே வரும்) ரிம்மைக் கழற்றிவிட்டு, அதே அகலத்தில் 35 போட்டு, கூடவே ரிம்முக்குப் பின்னால் 15 மில்லிமீற்றர் ஸ்பேசரும் (இடைத்தட்டு) வைத்திருந்தார்கள். ஆக, முன்சில்லு ஒவ்வொன்றும் 25 மில்லிமீற்றர் வெளியே. மணல் படிந்த தெருவோரத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதாம், குழியில் விழுந்தால் கையை உதறுகிறதாம். ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் மின்மோட்டர் போய்விட்டது, மாற்றவேண்டும் என்று உரிமையாளர் முடிவே கட்டிவிட்டார்.

மோட்டரில் ஒரு குறையும் இல்லை. சில்லு எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சைக் கீழே நீட்டினால் நிலத்தில் ஒரு புள்ளியைத் தொடும். டயர் நிலத்தில் பதியும் இடத்தின் நடு அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதுதான் நாம் பெயர் தேடும் அளவு. 2000 நியூற்றன் பிரேக் விசைக்கு 25 மில்லிமீற்றர் நெம்பு கூடினால், அச்சைச் சுற்றி ஏறக்குறைய 50 நியூற்றன் மீற்றர் முறுக்கு கூடும். இரண்டு பக்கமும் ஒரேமாதிரிப் பிடித்தால் ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடும். ஒரு சில்லு மணலில் ஏறினால் ஈடாகாத மிச்சம் ஸ்டியரிங் வழியே கைக்கு வரும். மின் ஸ்டியரிங்கின் உணரி தண்டில் உள்ள முறுக்குச் சட்டம் எவ்வளவு முறுகுகிறது என்பதைத்தான் அளக்கிறது. எந்த வேகத்தில் எவ்வளவு உதவி என்ற கணக்கு தொழிற்சாலை வடிவத்துக்கு எழுதியது. சில்லு வெளியே போனது அதற்கு எப்படித் தெரியும்?

  

ஆகவே என் முன்மொழிவு: ஊன்றுவிலகல். சில்லு ஊன்றும் இடம் திருப்பு அச்சிலிருந்து விலகிய தூரம். ஜேர்மன்காரரும் இதற்கு உரசலைச் சொல்லவில்லை, லெங்க்ரோல்ரேடியஸ், அதாவது திருப்பு உருள் ஆரை என்கிறார்கள். 1972இல் வந்த அவுடி 80இல் இந்த அளவு மறைப் (மைனஸ்) பெறுமானம். வட்டத்தின் ஆரை மறையாக வராது என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு, இங்கே வந்து "மறை உரசாரை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விலகல் என்றால் உள்விலகல், வெளிவிலகல் என்று சொல்லலாம். அந்தப் பாஸுக்கும் படம் கீறாமலே விளங்கியது.

ரிம்மின் ஆஃப்செட்டும் விலகல்தானே என்று கேட்பீர்கள். அதை ஆஃப்செட் என்றே விட்டுவிடுவோம், எண் ரிம்மிலேயே பொறித்திருக்கிறது.

———

> ஊன்று என்றால் அசையாமல் நிற்பது அல்லவா தம்பி? உருளும் சில்லுக்கு அது பொருந்துமா?

பொருந்தும் ஐயா. வழுக்காமல் உருளும் சில்லில் நிலத்தைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் நிலத்தோடு அசையாமல்தான் இருக்கிறது. மற்றது, "திருப்பு அச்சு" என்பதைச் "சுக்கான் அச்சு" என்று மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். துறைமுக ஊர்க்காரன் எனக்கு அது ஆசைதான். ஆனால் சுக்கான் படகின் பின்னால் இருப்பது, இது முன்சில்லு. நீங்களே சொல்லுங்கள்.