அவசரம்: தரை உளுத்துவிட்டது, எந்தப் பலகை போடலாம்?

மலைப்பாதை | செவ்வாய், இரவு 9.40
தரை உளுத்துப்போய்விட்டது. வலது மூலையில் நேற்றுக் கால் உள்ளேயே இறங்கிவிட்டது. அதைச் சுற்றி மிதித்தால் மெத்தைபோல அமுங்குகிறது. அடுத்த வாரக் கடைசியில் குழந்தைகளோடு கிளம்பியாக வேண்டும். எந்தப் பலகை, எத்தனை மில்லிமீட்டர்? தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

செவ்வாய்பேட்டைக்காரன் | 9.58
பழைய மச்சு வீடா? பலகையை விடுங்கள், உத்திரத்தைப் பாருங்கள். என் மாமனார் வீட்டிலும் இதே கதைதான். வெளியே நன்றாகத் தெரிந்த உத்திரம், சுவருக்குள் இருந்த முனையில் மாவாகியிருந்தது. அறை எத்தனை அடி?

சில்வர்ஓக் | 10.05
மச்சு உளுத்தால் குழந்தைகளோடு எங்கே கிளம்புவார்? வண்டியாக இருக்கும். வேனா, மினி லாரியா?

மலைப்பாதை | 10.31
மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கூடார வண்டி. கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பும், இரண்டு பக்கமும் படுக்கை வெளியே வரும். அமெரிக்காவில் செய்தது, பழையது. ஏற்காட்டில் ஒரு தோட்டக்காரரிடம் வாங்கினேன். எந்தப் பலகை?

ஆசாரிமகன் | 10.50
பலகைக்கு அப்புறம் வரலாம். தரை இப்போது பிளைவுட்டா, மரச்சில்லுகளை ஒட்டி அழுத்திய பலகையா? அந்த ஊர் வண்டிகள் பலவற்றில் சில்லுப் பலகையும் உண்டு, ஓரத்தில் தண்ணீர் ஏறினால் ரொட்டிபோல உப்பும். கீழே படுத்துப் பார்த்தீர்களா? சேசிஸ் துருப்பிடித்திருக்கிறதா? வண்டி எங்கே நின்றது?

வெள்ளிமலை | 11.02
கரையான்தான். சந்தேகமே வேண்டாம். சேர்வராயன் மலையில் மரம் என்று எதை வைத்தாலும் கரையான். மருந்து அடிக்காமல் புதுப் பலகை போட்டால் அதற்கு இன்னொரு விருந்து.

மலைப்பாதை | புதன், காலை 6.12
பிளைவுட்தான். மழைக்காலம் முழுவதும் ஏற்காட்டில் ஒரு பலாமரத்தடியில் நின்றது. தார்ப்பாய் போட்டு இறுக்கக் கட்டித்தான் வைத்திருந்தேன், அதனால் மழையாக இருக்காது. சேசிஸ் மேலோட்டமான துரு மட்டும். மண்வரி எதுவும் தெரியவில்லை. பெயர்த்த துண்டு சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்து, விரலில் நசுக்கினால் பொடியாகிறது.

ஆசாரிமகன் | 7.20
அப்படியானால் கரையான் இல்லை. அது பூஞ்சணம் தின்ற மரம். கரையான் மண்பூசிக்கொண்டு வரும், அரித்த பள்ளத்திலும் மண் வைத்திருக்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் இது வரும், காய்ந்தால் நிற்கும்.

தார்ப்பாயை இறுக்கக் கட்டியதுதான் பாதித் தவறு. கூடாரத் துணியை ஈரத்தோடு மடித்து மூடினீர்களா? மூடியிருந்தால் பானையில் வேகவைத்த மாதிரிதான். மீதிப் பாதி, எங்கோ ஒரு பொத்தலில் தண்ணீர் நுழைகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் தேக்கே போட்டாலும் இரண்டு மழைக்காலம்தான்.

கண்டுபிடிக்கும் விதம்: ஒருவர் உள்ளே விளக்கோடு இருக்கட்டும். வெளியே குழாயைக் கீழ்மட்டத்தில் தொடங்குங்கள். பத்து நிமிடம் அங்கேயே ஊற்றிவிட்டு ஒரு சாண் மேலே ஏறுங்கள். எந்த மட்டத்தில் உள்ளே கசிகிறதோ அதுதான் இடம். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடத்திலும் வழிந்து எதுவும் புரியாது.

முன்னோடி | 8.45
தம்பி, இதே கேள்விக்கு இங்கே நான் எத்தனையோ முறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்க இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுமை இல்லை. மரமே வேண்டாம். 3 மில்லிமீட்டர் இரும்பு செக்கர் தகடு, வெல்டிங், முடிந்தது. லாரிக்காரனிடம் கேட்டால் சொல்வான்.

கொண்டைஊசி | 9.10
ஐயா, 8க்கு 4 அடி இரும்புத் தகடு அந்த கனத்தில் ஏறத்தாழ 70 கிலோ. அதே அளவு 12 மில்லிமீட்டர் பிளைவுட் அதில் மூன்றில் ஒரு பங்குதான். தரைக்கு இரண்டு தகடு வேண்டும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் அதைச் சின்னக் கார் இழுக்கட்டும் பார்க்கலாம். இறக்கத்தில் பிரேக்கின் நிலைமையை நான் சொல்லவில்லை.

முன்னோடி | 9.22
சின்னக் கார் என்று அவர் சொன்னாரா? ஊகத்தில் கணக்குப் போடாதீர்கள். கனம் பயமென்றால் அலுமினியம் போடட்டும்.

ஆசாரிமகன் | 9.40
அலுமினியம் இரும்புச் சட்டத்தில் நேராக உட்கார்ந்து ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும், நடுவில் ரப்பர் பட்டை வேண்டும். அதையும் விடுங்கள். ஏற்காட்டு இரவில் நாலு பேர் மூச்சுவிட்டால் உலோகத் தரை விடியற்காலையில் வியர்த்து நிற்கும். வெல்டிங்கோ, பக்கத்திலேயே கூடாரத் துணி. ஒரு பொறி போதும்.

வெள்ளிமலை | 10.15
கரையானுக்கு மருந்து அடித்துவிடுவதில் நஷ்டம் இல்லை. பழைய இன்ஜின் ஆயில் பூசினாலும் போதும், எங்கள் வேலிக் கம்பத்துக்கு அதுதான்.

சில்வர்ஓக் | 10.21
வேலிக் கம்பத்தின் மேல் குழந்தைகள் படுப்பதில்லை அண்ணா.
மலைப்பாதை, எங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் பலகை அறுத்து வைத்திருக்கிறோம், வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆசாரிமகன் | 10.33
நல்ல மனசு, ஆனால் வேண்டாம். சில்வர் ஓக் ஈரத்துக்குத் தாங்காது.

சில்வர்ஓக் | 10.36
எங்கள் மிளகுக் கொடி முழுவதையும் அதுதான் தாங்குகிறது. பிளைவுட் ஆலைக்கு எங்கள் மரம்தான் லாரி லாரியாகப் போகிறது.

ஆசாரிமகன் | 10.48
உயிரோடு நிற்கும்வரை தாங்கும். அறுத்த பிறகு பேச்சு வேறு. ஆலையில் பசையும் அழுத்தமும் சேர்கின்றன, உங்கள் கொட்டகையில் அவை இல்லை.

செவ்வாய்பேட்டைக்காரன் | 11.30
அவர் கேட்டது எந்தப் பலகை, எத்தனை மில்லிமீட்டர். இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஆசாரிமகன் | பகல் 1.05
சரி, சொல்லிவிடுகிறேன். பழைய தரையில் கெடாத இடத்தில் கனத்தை அளந்து அதே கனம் வாங்குங்கள், இல்லையென்றால் கதவும் அலமாரியும் ஒத்துவராது. கடையில் பலகையின் மேல் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கும் வகை. ஐ.எஸ். 303 என்று போட்டு எம்.ஆர். (ஈரத்தை ஓரளவுதான் தாங்கும் வகை) என்றிருந்தால் அது அலமாரிக்கு.

வெட்டுவதற்கு முன் கீழே படுத்து ஒயரும் எரிவாயுக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று சாக்பீஸால் குறியுங்கள். ரம்பத்தின் ஆழத்தைப் பலகைக் கனத்துக்கு மேல் வைக்காதீர்கள். திருப்புளியால் குத்திப் பார்த்து, உள்ளே இறங்காத இடம்வரை வெட்டுங்கள், அதுவும் சட்டத்தின் நடுவில் முடியட்டும். உங்கள் மூலையில்தான் சிக்கல்: இந்த வண்டிகளில் பக்கச் சுவர் தரைப் பலகையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். சுவருக்கு முட்டுக்கொடுக்காமல் ஓரத்தை உருவினால் கூரை தூக்கும் கால் சாய்ந்துவிடும்.

புதுப் பலகையின் நாலு வெட்டு முனைகளுக்கும், போல்ட் துளைகளின் உட்புறத்துக்கும் எபாக்சி பிசின் இரண்டு பூச்சு. தண்ணீர் குடிப்பது முகம் அல்ல, முனை. பலரும் மேலே பளபளவென்று பூசிவிட்டு முனையை அப்படியே விடுவார்கள். எனக்கு வரும் வேலையில் பாதி அதனால்தான்.

முன்னோடி | 1.40
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

கொண்டைஊசி | 1.43
நீங்கள் சொன்னது இரும்புத் தகடு.

முன்னோடி | 1.51
ஆழமாகப் படித்தால் புரியும்.

ஆசாரிமகன் | வியாழன், இரவு 8.10
மலைப்பாதை, தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்களா?

ஆசாரிமகன் | சனி, காலை 7.00
இருக்கிறீர்களா?

மலைப்பாதை | 16 நாள் கழித்து
வேலை முடிந்தது, போயும் வந்துவிட்டோம். கதவடியில் சொட்டுக்கூட இல்லை. நாலாவது சாணில் பின்விளக்கு மட்டத்துக்கு வந்ததும் ஒயர் நுழையும் துளை வழியாக உள்ளே நூல் பிடித்த மாதிரி இறங்கியது. ரப்பர் வளையம் விழுந்துபோயிருந்தது. துணியை ஈரத்தோடு மடித்ததும் உண்மைதான். அனைவருக்கும் நன்றி.

செவ்வாய்பேட்டைக்காரன் | அன்றே
மகிழ்ச்சி. கடைசியில் எத்தனை மில்லிமீட்டர் போட்டீர்கள்? சுவருக்கு எப்படி முட்டுக்கொடுத்தீர்கள்? என் தம்பியும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறான்.

செவ்வாய்பேட்டைக்காரன் | ஒரு மாதம் கழித்து
மலைப்பாதை?