வைட்டமின் டி ஏற்றினால் அடிக்கடி வரும் சளி நிற்குமா?

காவிரிக்கரை:
அம்மாவுக்கு வயது 66. ரத்தத்தில் வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 8 நானோகிராம்தான் இருக்கிறது. வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட், 8 வாரத்துக்கு டாக்டர் எழுதியிருக்கிறார். சளித் தொல்லையும் இதில் குறையுமா?

மருந்தாளுநர்:
எலும்புக்கும் தசைக்கும் அந்த டோஸ் கட்டாயம் வேண்டும். சளிக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். 2017-ல் 25 ஆய்வுகளைத் தொகுத்தபோது, தினமும் அல்லது வாராவாரம் பிரித்து எடுத்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் கூடுதலாக. ஒரேயடியாகக் கொடுத்த பெரிய டோஸ் உதவவில்லை. 2025-ல் புதிய ஆய்வுகளையும் சேர்த்ததும் மொத்தப் பலனே தெளிவாகத் தெரியாத அளவுக்கு மங்கிவிட்டது.

வெயில்முற்றம்:
பாக்கெட்டைப் பாலில் கலக்கி, மதியச் சாப்பாடு முடிந்ததும் கொடுங்கள். கொழுப்போடு போனால்தான் நன்றாக உறிஞ்சும். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று கொடுத்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. கால்சியம் ஏறி வாந்தி, தாகம், மலச்சிக்கல், கடைசியில் சிறுநீரகமே பாதிக்கும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் தேதியை எழுதி வையுங்கள்.

மருந்தாளுநர்:
ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் வைட்டமினைப் பார்த்துக்கொண்டிருக்காமல், காசநோய்க்கான சளிப் பரிசோதனையை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்துவிடலாம்.