கேம் ஏ.ஐ. ஆய்வை நம்பி பி.எச்டி. போகலாமா?

கோவை_குமரன்:
சிஎஸ்இ கடைசி வருடம். ப்ராஜெக்டுக்கு ஆடு புலி ஆட்டம் ஆடும் ப்ரோகிராம் எழுதினேன். புலியாக ஆடினால் வெளுத்து வாங்குகிறது, ஆடாக ஆடினால் சொதப்புகிறது. காரணம் தேடியே மூன்று மாதம் ஓடிவிட்டது. வேறு எதிலும் நான் இப்படி மூழ்கியதில்லை. அப்பாவோ, "விளையாட்டுக்கு யாருப்பா டாக்டர் பட்டம் தருவாங்க?" என்கிறார். கேம்பஸில் வேலையும் கிடைத்திருக்கிறது. இந்தத் துறையில் பேராசிரியர் ஆக வழி இருக்கிறதா?

பனிக்காடு:
தம்பி, அப்பாவிடம் செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டத்தின் கதையைச் சொல்லுங்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஷேஃபர் 1989-இல் சினூக் என்ற ப்ரோகிராமைத் தொடங்கினார். 1992-இல் அது உலக சாம்பியன் மேரியன் டின்ஸ்லியிடம் தோற்றது. ஷேஃபர் விடவில்லை. இரண்டு பக்கமும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் டிராதான் என்று 2007-இல் நிரூபித்து 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார். 18 வருடம்! இந்தப் பொறுமைக்குச் சம்பளம் தருகிற இடம் பல்கலைக்கழகம்தான்.

நானும் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் எட்மன்டனில்தான் எம்.எஸ்சி. படித்தேன், ஹெக்ஸ் என்ற பலகை ஆட்டத்தில். ஒரு டிசம்பரில் என் ப்ரோகிராம் ஜெயித்த ஆட்டத்தைத் தோல்வி என்று சொல்ல ஆரம்பித்தது. வெளியே மைனஸ் 30. இரண்டு வாரம் ஒவ்வொரு நிலையாக அச்சடித்துப் பார்த்தேன். பார்த்த நிலைகளை நினைவில் வைக்கும் ஹாஷ் டேபிள், இரண்டு வேறு நிலைகளை ஒன்றென நினைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். உங்கள் மூன்று மாதமும் அதே ஜாதிதான்.

வேலையை நினைத்துப் பயப்படாதீர்கள். கோ என்ற பலகை ஆட்டம் ஆடும் ஆல்ஃபாகோ ப்ரோகிராமை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் சில்வர் முதலில் கேம் கம்பெனி நடத்தியவர். அதன் பிறகுதான் ஆல்பர்ட்டாவுக்கு வந்து கோ ஆட்டத்தில் பி.எச்டி. முடித்தார். இரண்டு வருடம் சம்பாதித்து, வீட்டுக் கடனை இறக்கிவிட்டு வந்தாலும் கதவு திறந்தேதான் இருக்கும்.

தூண்டில்:
ஒன்று சேர்க்கிறேன். 'கேம் ஏ.ஐ. பேராசிரியர்' என்று விளம்பரம் வருவது அபூர்வம். மெஷின் லேர்னிங், மனித-கணினி ஊடாட்டம் என்ற பெயரில்தான் இடம் வரும். அதனால் தீசிஸில் ஆட்டத்தைத் தாண்டிப் பயன்படும் ஒரு முறை இருக்கவேண்டும். ஆட்டக் களங்களைத் தானாக உருவாக்குவது, ஆடுபவரின் மனநிலையைக் கணிப்பது பிடிக்குமென்றால் மால்டா, கோபன்ஹேகன், நியூயார்க் பல்கலைக்கழகங்களைப் பாருங்கள். ஐஇஇஇ கேம்ஸ் மாநாட்டில் ப்ரோகிராம்களுக்கான போட்டிகள் நடக்கும். அதில் கலந்துகொண்டால் பேராசிரியர்கள் கண்ணில் படுவீர்கள்.

கோவை_குமரன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. ஆடு ஏன் தோற்கிறது என்று மட்டும் சொல்லுங்களேன்.

பனிக்காடு:
புலிக்கு லாபம் உடனே தெரியும், ஓர் ஆடு விழும். புலியை அடைப்பதோ ரொம்ப தூரத்தில் இருக்கிறது, உங்கள் தேடல் அவ்வளவு ஆழம் போவதில்லை. சினூக் செய்ததுபோல முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடும் உயிரோடு என்றால் புலிகளை வைக்க 1771 வழி, மீதி இடத்தில் ஆடுகளை வைக்க 15504 வழி; பெருக்கினால் சுமார் 2 கோடியே 75 லட்சம் நிலைகள். அடுத்து யார் நகர்த்துவது என்பதைச் சேர்த்தால் இரட்டிப்பு. ஆடு குறைந்த நிலைகளை முதலில் முடித்துக்கொண்டு மேலே ஏறுங்கள். லேப்டாப்பே போதும்.

கோவை_குமரன்:
இன்று ராத்திரியே ஆரம்பிக்கிறேன் அக்கா.