அக்கா தங்கச்சி மந்திரக் கொலைக் கதை: மந்திரம் உள்ள வந்துட்டா துப்பறியறதுக்கு என்ன மிச்சம்?

தீவுக்காரி:
வணக்கம் மக்களே. நான் வரையிற காமிக்ஸோட முதல் பாகத்த இங்க சில பேருக்கு அனுப்பியிருந்தேன், படிக்காதவங்களுக்கு கதைய சுருக்கமா சொல்லிடுறேன். 2000 ஜனவரி, மலேசியாவுல பினாங்குத் தீவோட ஜார்ஜ்டவுன். பழைய கடைவீடுங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999 கடைசியோட முடிஞ்சிருச்சு, வாடகை தாறுமாறா ஏறுது, ரொம்ப காலமா இருந்தவங்கள்லாம் சாமானத்த லோரில ஏத்திட்டு கிளம்புறாங்க. லெபோ பசார் பக்கத்துல ஒரு மசாலா மில்லு, மேல்மாடில அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. பெரியவளுக்கு கட்டடத்தோட ஓனர் காலி பண்ணறதுக்கு குடுக்கிற காச வாங்கிட்டு போயிடணும், சின்னவ நகர மாட்டேங்கிறா. பெரியவ யார் நெத்தியத் தொட்டாலும் அவங்களுக்கு அன்னிக்கு நடந்தது மறந்துபோகும், சின்னவ எந்தப் பொருளத் தொட்டாலும் கடைசியா அத யார் கைல வச்சிருந்தாங்கன்னு தெரிஞ்சிரும். காலி பண்ணச் சொல்லி வந்த புரோக்கர் ஒருத்தன் மில்லுக்குள்ள செத்துக் கிடக்கிறான். மனசுல பட்டத சொல்லுங்க, இன்னும் அச்சுக்குப் போகல.

செந்தூல் வாசகன்:
படங்கள் எல்லாம் அருமைம்மா, கடைவீட்டு வாசல்ல போற அஞ்சடி நடைபாதைல தரைக்கல்லு கூட ஒண்ணொண்ணா தெரியுது. ஆனா கதை எனக்கு ஒத்துவரல. கொலைக் கதைன்னா இன்ஸ்பெக்டருக்கு கிடைக்கிற துப்பு எனக்கும் கிடைக்கணும், அப்பதான் அது போட்டி. 1929லயே ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்கு பத்து விதி எழுதினாரு, அவரு ஒரு பாதிரியாரு, ரெண்டாவது விதியே பேய், மந்திரம், அமானுஷ்யம் எதுவும் உள்ள வரக்கூடாதுங்கிறதுதான். பெரியவ தொட்டா சாட்சிக்கு மறந்துரும், சின்னவ தொட்டா கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சிரும், அப்புறம் இன்ஸ்பெக்டர் எதுக்கு வந்து நிக்கிறாரு? ஒண்ணு மந்திரக் கதை எழுது, இல்ல கொலைக் கதை எழுது.

கிள்ளான் அக்கா:
தம்பி, நம்ம மகாபாரதத்துல ஆதி பர்வத்துலயே இந்தக் கதை இருக்கு. கத்ருவும் வினதையும் கூடப்பிறந்தவங்க, ரெண்டு பேருக்கும் காசியபர்தான் புருஷன். உச்சைச்சிரவஸ் குதிரையோட வாலு வெள்ளையா கறுப்பான்னு பந்தயம், தோத்தவ ஜெயிச்சவளுக்கு அடிமை. கத்ரு ராத்திரியோட ராத்திரியா தன் பிள்ளைங்களான பாம்புங்கள, வாலு கறுப்பா தெரியறதுக்காக, வால்ல போய் ஒட்டிக்கச் சொல்றா, முடியாதுன்னு சொன்ன பிள்ளைங்கள ஜனமேஜயன் யாகத்துல எரிஞ்சு போங்கன்னு பெத்தவளே சபிக்கிறா. இதுல மோசடி இருக்கு, கூட்டாளி இருக்கு, மிரட்டல் இருக்கு, காலங்காலமா தொடர்ற பழி இருக்கு. பாம்பு என்ன செய்யும்னு படிக்கிற நமக்கு முன்னாடியே தெரியும், வினதைக்குத்தான் தெரியாது, மறுநாள் அவ வாலப் பாக்கப் போறப்ப நமக்கு வயிறு பிசையும். யார் செஞ்சாங்கன்னு ஒளிச்சு வச்சாதான் குற்றக் கதையா? கூடப்பிறந்தவளுக்கு இத எப்படி செய்ய மனசு வந்துச்சுங்கிறதும் குற்றக் கதைதான்.

பழைய கிராணி:
வக்கீல் ஆபீஸ்ல ரொம்ப வருஷம் கிராணியா, அதாவது கிளார்க்கா இருந்தவன், அந்தக் கண்ணோட சொல்றேன். சின்னவளுக்குத் தெரிஞ்சது எதுவும் இங்க கோர்ட்டுல நிக்காது. 1950 சாட்சியச் சட்டம் 60வது பிரிவுப்படி வாய்மொழி சாட்சியம் நேரடியா இருக்கணும், பாத்தேன்னா பாத்தவனே வந்து சொல்லணும், கத்திய தொட்டேன் தெரிஞ்சுச்சுன்னு சொன்னா அடுத்த நிமிஷம் உக்காருன்னுடுவாங்க. அதனால செந்தூல் தம்பி பயப்படுற மாதிரி கேஸ் சட்டுனு முடியாது, சின்னவளுக்கு உண்மை தெரிஞ்சும் நிரூபிக்க வழியில்ல, அதுதான் கதையோட முதுகெலும்பு. பெரியவ பக்கமும் ஒரு ஓட்டை இருக்கு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 119வது பிரிவுல விசாரணை அதிகாரி தினமும் டைரி எழுதணும். இன்ஸ்பெக்டர் நெத்தியத் தொட்டு அவர மறக்க வச்சாலும் அவரு எழுதினத யார் அழிப்பா? தன் கையெழுத்துலயே ஒரு பக்கம், அத எழுதின ஞாபகமே அவருக்கு இல்ல. அந்த ஒரு பக்கத்த வரைஞ்சு போடு தங்கச்சி, மத்தது தானா நடக்கும்.

பட்டர்வொர்த் பொண்ணு:
எனக்கு இந்தக் கதையே பிடிக்கல, விதி பத்தியெல்லாம் எனக்கு கவலை இல்ல. நம்ம ஆளுங்க வீட்டுல ஒருத்தருக்கு நோய் வந்தா, வியாபாரம் படுத்தா, உடனே யாரோ செய்வினை வச்சிட்டாங்கன்னு கிளம்புறாங்க, பாதி நேரம் பழி விழறது சொந்த அண்ணி மேல இல்ல நாத்தனார் மேல. எங்க வரிசை வீட்டுலயே ரெண்டு குடும்பம் பல வருஷமா பேசிக்கிறதில்ல, கழிப்பு எடுக்கிறேன்னு வந்தவன் நகைய வாங்கிட்டுப் போனான். 1993ல பகாங் மாநிலத்துல நடந்த மந்திரவாதி மோனா ஃபெண்டி கேஸ மறந்துட்டீங்களா? சட்டமன்ற உறுப்பினர் ஒருத்தர் பதவியும் சக்தியும் கிடைக்கும்னு நம்பிப் போய், வானத்துலேர்ந்து பணம் கொட்டும்னு கண்ண மூடிப் படுத்தாரு, கோடாலியால வெட்டிட்டாங்க. நம்ம ஊர்ல சூனியமும் குற்றமும் ஒண்ணா சேர்ந்தா அதுதான். சொத்துக்காக அடிச்சிக்கிற பொம்பளைங்களுக்கு மந்திரம் வேற குடுத்து வரைஞ்சா, பாத்தியா நான் சொன்னேன்லங்கிறதுக்கு ஆதாரமா காட்டுவாங்க.

பழைய கிராணி:
அந்தக் கேஸே நான் சொல்றதுக்கு சாட்சிம்மா. தெமர்லோ உயர் நீதிமன்றத்துல ஜூரி வச்சு நடந்துச்சு, இங்க ஜூரி முறை இருந்த கடைசிக் காலம் அது. அவங்களுக்கு சக்தி இருக்கா இல்லையான்னு கோர்ட்டு கேக்கவே தேவைப்படல. உடம்பு எங்க கிடைச்சுச்சு, யார் வெட்டினா, அவ்வளவுதான் கணக்கு. மோனாவோட சேர்த்து மூணு பேருக்கு தூக்கு, 2001 நவம்பர்ல காஜாங் சிறைல நிறைவேத்திட்டாங்க.

பட்டர்வொர்த் பொண்ணு:
கோர்ட்டு கேக்கலண்ணே, ஆனா ஊரே இன்னும் மந்திரத்தப் பத்திதான் பேசுது. செத்தவரப் பத்தி யார் பேசுறா? இந்தக் காமிக்ஸ்லயும் புரோக்கருக்கு ஒரு பேரு கூட இல்ல, பாத்தீங்களா.

தீவுக்காரி:
பேரு இல்லாதது எனக்கே உறுத்துது, வைக்கிறேன், அவனுக்கு ஒரு வீடும் வைக்கிறேன். ஆனா மந்திரத்த எடுக்க மாட்டேன். பெரியவ ஒவ்வொரு தடவ ஒருத்தர மறக்க வைக்கிறப்பவும் அவளுக்கு தங்கச்சியோட சேர்ந்திருந்த நாள் ஒண்ணு மறந்துபோகும், அம்மா சாவுல ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுததே அவளுக்கு இப்ப ஞாபகம் இல்ல. சண்டை தீராததுக்கு காரணமே அதுதான், சமாதானம் பேசறதுக்கு அவகிட்ட பழசு எதுவும் மிச்சமில்ல. வரையிற முறையும் சொல்றேன். 2015ல வந்த பிளாக் மேஜிக்னு ஒரு காமிக்ஸ்ல, கிரெக் ரக்கா எழுதி நிக்கோலா ஸ்காட் வரைஞ்சது, போலீஸ்காரியே சூனியக்காரி, பக்கமெல்லாம் சாம்பல் நிறம், மந்திரம் நடக்கிற இடத்துல மட்டும் கலர் வரும். நானும் மஞ்சள மந்திரத்துக்கு மட்டும் வச்சிருக்கேன், மில்லுல குவிஞ்சு கிடக்கிற மஞ்சத்தூளக் கூட கறுப்பு வெள்ளையாதான் விட்டேன். செந்தூல் அண்ணே, துப்பு வேணும்னீங்களே, புரோக்கர் செத்துக் கிடக்கிற பக்கத்த பெருசாக்கிப் பாருங்க.

செந்தூல் வாசகன்:
பாத்தேன். நெத்தில கடுகளவு மஞ்சள். அப்ப பெரியவ அவனத் தொட்டிருக்கா. ஆனா கொல்லப்போறவனோட ஞாபகத்த எதுக்கு அழிக்கணும்? அவன் உயிரோட வெளிய நடந்து போவான்னு நினைச்சுத்தானே தொட்டிருப்பா?

கிள்ளான் அக்கா:
இப்ப நீ என்ன பண்ற தம்பி? துப்புதானே துலக்கிற. மந்திரம் இல்லன்னா இந்தக் கேள்வியே வந்திருக்காதே.

செந்தூல் வாசகன்:
கேள்வி நல்ல கேள்விதான்க்கா, ஆனா மஞ்சள்னா மந்திரம்னு அவங்க இங்க வந்து சொன்னதாலதான் எனக்குப் பிடிபட்டுச்சு. புத்தகத்த மட்டும் வாங்குறவனுக்கு யார் சொல்வா? கொலைக்கு முன்னாடியே பெரியவ ஒரு ஆளத் தொடறத மஞ்சளோட தெளிவா காட்டணும், அந்த டைரிப் பக்கமும் முதல் பாகத்துலயே வரணும். ரெண்டும் இல்லாம முடிவ மட்டும் கடைசில கொண்டுவந்து கொட்டினா ஏமாத்துன்னுதான் சொல்வேன்.

கிள்ளான் அக்கா:
தொடறத காட்டட்டும், சரி. டைரிய முதல் பாகத்துல வைக்கவே கூடாது. இன்ஸ்பெக்டர இன்னும் நாலு பக்கம் கூட நாம பழகல, அவரு எத மறந்தா நமக்கு என்ன? அவரு எப்படிப்பட்ட மனுஷன்னு தெரிஞ்சப்புறம் அந்தக் கையெழுத்து வரட்டும்.