யேட்ஸ் கவுண்டி ஏரிகள்: தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது?

ராசெஸ்டர்வாசி:
அப்பா, அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். நயாகரா பார்த்தாயிற்று. அடுத்து நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் ஏரிகள் பக்கம், யேட்ஸ் கவுண்டிக்குப் போகலாம் என்று யோசனை. அப்பா பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்றவர். எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் "இது எங்கே போகுது?" என்பார். மேப்பைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பென்யான்காரன்:
உங்கள் அப்பாவுக்கென்றே அமைந்த இடம். மேற்கு ஓரத்தில் கனண்டேக்வா ஏரி, கிழக்கு எல்லையில் செனெகா, நடுவில் கியூகா. மற்ற ஏரிகள் நீளவாக்கில் கிடக்கும். கியூகா மட்டும் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரியும். அதன் வடகிழக்குக் கிளையின் முனையில்தான் பென் யான் ஊர்.

எல்லோரும் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது கியூகா ஏரியிலிருந்து வெளியேறும் ஓடையைத்தான். பென் யானில் ஷட்டர் போட்டு ஏரியின் மட்டத்தை அங்கிருந்துதான் கட்டுப்படுத்துகிறார்கள். அப்பா அங்கேயே நின்றுவிடுவார், கையைப் பிடித்து இழுத்து வாருங்கள். அங்கிருந்து டிரெஸ்டனில் செனெகாவில் சேர்வதற்குள் தண்ணீர் சுமார் 82 மீட்டர் இறங்குகிறது, அதுவும் 11 கிலோமீட்டருக்குள். அந்த வேகத்தை நம்பித்தான் ஒரு காலத்தில் கரை நெடுக மாவு மில், காகித மில் என்று வரிசையாக இருந்தன.

1833-இல் இதே பள்ளத்தாக்கில் குரூக்கட் லேக் (கியூகாவின் பழைய பெயர்) கால்வாயைத் திறந்தார்கள். படகை ஏற்றி இறக்க 27 லாக்குகள், அதாவது இரு பக்கமும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டிகள்! ஒவ்வொன்றிலும் சராசரியாக 3 மீட்டர் ஏற்ற இறக்கம். நினைத்துப் பாருங்கள், கதவை மூடு, தண்ணீர் நிரப்பு, திற, நகர், மறுபடி மூடு. ஆனாலும் செனெகா வழியாக ஈரி கால்வாயைப் பிடித்து நியூயார்க் நகரம் வரை சரக்கு போனது. வரவைவிடப் பராமரிப்புச் செலவு அதிகம், 1877-இல் கைவிட்டார்கள். படகை இழுத்த குதிரைகள் நடந்த பாதையில் பிறகு ரயில் வந்தது. 1972-இல் ஆக்னஸ் புயல் வெள்ளம் அதையும் முடித்துவைத்தது. இப்போது அது நடைபாதை. பழைய லாக்குகளின் கற்சுவர்கள் இன்னும் மரங்களுக்கிடையே தெரியும்.

அப்பாவின் கேள்விக்குப் பதில்: செனெகாவிலிருந்து செனெகா ஆறு, ஆஸ்வீகோ ஆறு, ஒன்டாரியோ ஏரி, அப்புறம் செயின்ட் லாரன்ஸ் வழியாக அட்லாண்டிக்.

திராட்சைத்தோட்டம்:
செனெகாவை இப்படி ஒரு வரியில் தாண்டிப் போவது நியாயமில்லை! 188 மீட்டர் ஆழம். கோடையில் வாங்கிய சூட்டை மெதுவாகத்தான் விடும், குளிர்காலத்திலும் முழுக்க உறைவது அபூர்வம். கரைச் சரிவுகளில் திராட்சை பிழைப்பதே அதனால்தான். ஆகஸ்டில் போனால் ஒன்று: தண்ணீர் பச்சைப் பெயின்ட் கலந்த மாதிரி இருந்தால் கால்கூட நனைக்காதீர்கள். நச்சுப்பாசி.

ராசெஸ்டர்வாசி:
அருமை, இருவருக்கும் நன்றி. அம்மாவுக்கு முழங்கால் வலி, 11 கிலோமீட்டர் நடக்க முடியாது. குளிக்க இடம் உண்டா?

பென்யான்காரன்:
முழுக்க நடக்க வேண்டாம். குறுக்கே சாலை வரும் இடங்களில் வண்டியை நிறுத்திவிட்டு செனெகா மில்ஸ் அருவி வரை போய்வாருங்கள், அதுவே போதும். கரை பெரும்பாலும் தனியார் வீடுகள்தான், கண்ட இடத்தில் இறங்க முடியாது. குளிக்க கியூகா லேக் ஸ்டேட் பார்க் போங்கள்.

முடிந்தால் சனிக்கிழமை வாருங்கள். ஞாயிறன்று மெனோனைட் (பழைய முறையில் எளிமையாக வாழும் கிறித்தவப் பிரிவினர்) குடும்பங்களின் கடைகள் திறக்காது. மேட்டில் ஏறும்போது வேகம் வேண்டாம், அந்தப் பக்கம் அவர்களுடைய குதிரை வண்டி போய்க்கொண்டிருக்கும்.